மூன்று வாரமாகியும் நைட்ரைட் இறங்கவில்லை: மீன் விடுவதற்கு முன் தொட்டியைச் சைக்கிள் செய்வது பற்றி

பொங்கோல்_அம்மா:

வணக்கம். எங்கள் வீட்டுக்கு இது முதல் மீன்தொட்டி. இரண்டடி நீளம். சரளைக்கல்லும் ஒரு மரக்கட்டையும் போக உள்ளே சுமார் 60 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. பின்பக்கம் மாட்டும் ஃபில்டர் ஒன்று, ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. செடி எதுவும் இல்லை. மகளுக்கு நியான் டெட்ரா வேண்டுமாம். ஜூன் விடுமுறைக்குள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தொட்டி வாங்கிய கடையில், "மூன்று நாள் ஃபில்டரை ஓடவிடுங்கள், அப்புறம் மீன் விடலாம்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மீன் இல்லாமலே சைக்கிள் செய்வதைப் பற்றி, அதாவது அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை ஃபில்டரில் முதலிலேயே வளர்ப்பதைப் பற்றிப் படித்துவிட்டு, அமோனியம் குளோரைடு பொடியைக் கரைத்து ஊற்றி வருகிறேன். ஒவ்வொரு முறையும் அமோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும் அளவுக்கு. முதலில் ஒழுங்காகவே போனது. அமோனியா இறங்கியது, நைட்ரைட் ஏறியது. அமோனியா பூஜ்யத்துக்கு வந்த போதெல்லாம் மறுபடி ஊற்றினேன்.

இப்போது எல்லாம் அப்படியே நிற்கிறது. கடைசியாக ஊற்றிய அமோனியா 2 பிபிஎம்மிலேயே இருக்கிறது. நைட்ரைட் சோதனையில் சொட்டு விழுந்த உடனே அடர் ஊதா. நைட்ரேட் கடும் சிவப்பு. பாக்டீரியா எல்லாம் செத்துவிட்டதா? தண்ணீரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?


சிராங்கூன்_வாசி:

அம்மா, நான் மீன் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் இந்தச் சொட்டு மருந்துச் சோதனை எல்லாம் கிடையாது. வாளியில் தண்ணீர் பிடித்து ஓர் இரவு வைப்போம். மறுநாள் தொட்டியில் ஊற்றி இரண்டு மூன்று கப்பி விடுவோம். அவை பிழைத்தால் மற்ற மீன்கள். பெரும்பாலும் பிழைத்தன. நீங்களும் தெம்பான மீன் இரண்டு விட்டுப் பாருங்கள். தொட்டி தானாகச் சரியாகிவிடும்.


பச்சைத்தொட்டி:

ஐயா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் அன்றைய குழாய்த் தண்ணீர் வேறு, இன்றையது வேறு. வெறும் குளோரின் கலந்த தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் காற்றில் போய்விடும். இப்போது சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமிநீக்கத்துக்குக் குளோரமைன் பயன்படுத்துகிறது. அது குளோரினும் அமோனியாவும் சேர்ந்த பொருள், அவ்வளவு எளிதில் ஆவியாகாது. ஓர் இரவு என்ன, பல நாள் வைத்தாலும் ஒரு பகுதி மிச்சம் இருக்கும். ஆன்டி குளோரின் ஊற்றாமல் இந்த ஊர்த் தண்ணீரில் தொட்டி நடத்த முடியாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஆன்டி குளோரின் குளோரமைனை உடைக்கும்போது அதற்குள் இருந்த அமோனியா வெளியே வருகிறது. அதனால் புதிதாகப் பிடித்த தண்ணீரிலேயே கால் முதல் அரை பிபிஎம் வரை அமோனியா காட்டலாம். அதைப் பார்த்துவிட்டுச் சோதனைக் குப்பி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சைக்கிள் முடிந்த தொட்டி அந்த அளவைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும்.

மீன் விட்டுப் பார்க்கும் யோசனையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இப்போது அந்தத் தொட்டியில் இருக்கும் நைட்ரைட்டில் எந்த மீனை விட்டாலும் துன்பம்தான். நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினை மாற்றிவிடுகிறது. அந்த இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, நிறமே பழுப்பாகிவிடும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சு முட்டும். பிழைத்த மீனைப் பார்த்துத் தொட்டி நன்றாக இருக்கிறது என்கிறோம். அது பட்ட பாடு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொங்கோல் அக்கா, கொட்ட வேண்டாம். இரண்டு எண் மட்டும் சொல்லுங்கள்: தொட்டியின் பிஹெச் (அமிலத்தன்மை) எவ்வளவு, கேஹெச் (அமிலத்தைத் தாங்கும் சக்தி) எவ்வளவு?


பொங்கோல்_அம்மா:

பிஹெச் சோதனையில் மஞ்சள் வருகிறது. அட்டையில் அது 6.0, அதற்குக் கீழே நிறமே இல்லை. கேஹெச் குப்பியை இன்றுதான் வாங்கினேன். முதல் சொட்டிலேயே நீலம் வராமல் மஞ்சளாகிவிட்டது. குழாய்த் தண்ணீரையும் சோதித்தேன். அதன் பிஹெச் அட்டையின் மேல் எல்லையான 7.6க்கு வந்துவிட்டது, கேஹெச் மூன்றாவது சொட்டில் மாறியது. இது நல்லதா கெட்டதா?


லேப்_கோட்:

அக்கா, பதில் இதிலேயே இருக்கிறது. பாக்டீரியா சாகவில்லை, வேலையை நிறுத்தியிருக்கிறது. தண்ணீர் அமிலமாகிவிட்டது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிங்கப்பூரில் சைக்கிள் பாதியில் நிற்பதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் ஒவ்வொரு முறையும் பாக்டீரியா தண்ணீரில் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலத்தைத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் ஏற்றுக்கொள்கிறது. கேஹெச் என்று நாம் அளப்பது அந்தக் கையிருப்பைத்தான். கையிருப்பு இருக்கும்வரை பிஹெச் அசையாது. தீர்ந்ததும் சடாரென்று இறங்கும்.

எவ்வளவு தீர்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. 1 பிபிஎம் அமோனியா முழுதாக நைட்ரேட் ஆக, கேஹெச்சில் ஏறக்குறைய ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது (சோதனையில் ஒரு சொட்டு ஒரு டிகிரி). நீங்கள் ஒரு முறை ஊற்றுவது 2 பிபிஎம், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. குழாய்த் தண்ணீரில் இருப்பதே 3. நாலைந்து முறை ஊற்றினால் பெட்டி காலி. சுண்ணாம்பு மிகுந்த கிணற்றுத் தண்ணீர் உள்ள ஊர்களில் இந்தத் தொல்லை வராது, அங்கே கேஹெச் பத்துக்கு மேல் இருக்கும். நம் தண்ணீர் மென்மையானது. நீர்த்தேக்கத் தண்ணீர், ஜொகூர்த் தண்ணீர், புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), கடல்நீரைச் சுத்திகரித்தது என்று நான்கு வழியில் வருவதால் வட்டாரத்துக்கு வட்டாரம், நாளுக்கு நாள் எண் கொஞ்சம் மாறும். ஆனால் கேஹெச் குறைவு என்பது பெரும்பாலும் மாறாது.

பிஹெச் 6.5க்குக் கீழே போனால் இந்தப் பாக்டீரியாவின் வேகம் நன்றாகக் குறையும், 6க்கு அருகில் ஏறக்குறைய நின்றுவிடும். உங்கள் அட்டையில் 6.0தான் கடைசி நிறம் என்பதால் உண்மையில் 5.5 ஆகக்கூட இருக்கலாம்.

அடுத்தது அந்த ஊதா. 1 பிபிஎம் அமோனியா நைட்ரைட்டாக மாறும்போது 1 பிபிஎம் நைட்ரைட் வருவதில்லை, ஏறத்தாழ 2.7 பிபிஎம் வருகிறது. எடை கூடுவது ஆக்சிஜன் சேர்வதால். நீங்கள் ஐந்து முறை ஊற்றியிருந்தால் 10 பிபிஎம் அமோனியா, அதிலிருந்து 27 பிபிஎம் வரை நைட்ரைட் வந்திருக்க முடியும். உங்கள் அட்டை காட்டுவது 5 பிபிஎம் வரைதான். 25 இருந்து 8 ஆக இறங்கியிருந்தாலும் கண்ணுக்கு அதே ஊதாதான். "இரண்டு வாரமாக நைட்ரைட் அசையவே இல்லை" என்று எழுதுகிற பாதிப் பேருடைய தொட்டியில் அது அசைந்துகொண்டுதான் இருக்கும். தெரிந்துகொள்ள ஒரு பங்கு தொட்டித் தண்ணீரில் ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து சோதியுங்கள், வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். நைட்ரேட் சோதனையை இப்போதைக்கு நம்ப வேண்டாம். அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே நைட்ரைட் இவ்வளவு இருக்கும்போது சிவப்பு வராமல் என்ன செய்யும்?


பொங்கோல்_அம்மா:

இவ்வளவு நாள் யாரும் கேஹெச் என்ற சொல்லையே சொல்லவில்லை. மிக்க நன்றி. இனி என்ன செய்வது? தண்ணீர் மாற்றினால் வளர்ந்த பாக்டீரியா போய்விடாதா?


பச்சைத்தொட்டி:

போகாது அக்கா. அவை தண்ணீரில் மிதப்பவை இல்லை. ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையத்திலும் கல்லிலும் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை. தண்ணீர் முக்கால் பங்கு மாற்றினாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மாற்றும்போது ஸ்பாஞ்ச் காய்ந்துவிடக் கூடாது, ஆன்டி குளோரின் கலக்காத குழாய்த் தண்ணீர் அதன் மேல் படக் கூடாது. குளோரமைன் குழாயில் கிருமியைக் கொல்வதற்காகவே இருக்கிறது. உங்கள் பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது.

முக்கால் பங்கு மாற்றுங்கள். வாளியில் கலந்து ஊற்றினால் வாளித் தண்ணீரின் அளவுக்கு ஆன்டி குளோரின் போதும். குழாயிலிருந்து நேராகத் தொட்டிக்குள் விடுவதென்றால் தொட்டி முழுவதற்கும் கணக்கிட்டு முதலிலேயே ஊற்றிவிடுங்கள்.

அப்புறம் சமையல் சோடா. கேக்கில் போடுகிற வெறும் பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடர் அல்ல. 100 லிட்டரில் கேஹெச் ஒன்று ஏற ஏறக்குறைய 3 கிராம் வேண்டும். உங்கள் 60 லிட்டருக்கு 1.8 கிராம். தண்ணீர் மாற்றிய பிறகு கேஹெச் 2 இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதை 5க்குக் கொண்டுவர ஐந்தரை கிராம் போதும். சமமாக வழித்த ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம். ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மீன் இருக்கும் தொட்டியில் இதை ஒரே மூச்சில் செய்யாதீர்கள். பிஹெச் 6இல் அமோனியா பெரும்பாலும் அமோனியம் என்ற வடிவில் இருக்கும், அதனால் மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. நம் ஊர்த் தண்ணீரின் 28 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7இல் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஹெச் 8இல் ஆறு ஏழு பங்கு ஆகிவிடும். சோடாவைக் கொட்டிப் பிஹெச்சைத் திடீரென்று ஏற்றினால், அதுவரை சாதுவாக இருந்த அமோனியா ஒரு மணி நேரத்தில் மீனைக் கொன்றுவிடும். அக்கா தொட்டியில் மீன் இல்லை, அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.


ஜூரோங்_தம்பி:

ஒரு சந்தேகம். இதெல்லாம் எதற்கு, பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் ஒரே நாளில் மீன் விடலாம் என்று போட்டிருக்கிறதே? நான் அடுத்த மாதம் தொட்டி வைக்கப் போகிறேன். அதையே வாங்கலாம் என்றிருக்கிறேன்.


லேப்_கோட்:

தம்பி, எல்லா பாட்டிலும் ஒன்றல்ல. நமக்கு வேண்டியவை இரண்டு கூட்டம். அமோனியாவை நைட்ரைட் ஆக்குபவை ஒன்று, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குபவை மற்றொன்று. இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்று பழைய மீன் புத்தகங்களில் இருக்கும். நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து 1998இல் வந்த ஆய்வு, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று காட்டியது. 2015இல் இன்னொன்றும் தெரிந்தது: நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே முடிக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கண்டெடுத்த இடங்களில் மீன் வளர்ப்பு ஃபில்டரும் ஒன்று.

இவை மெதுவாகப் பெருகுபவை. நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பானாலே நல்ல வேகம். வித்து உறை போட்டு உறங்கும் குணமும் இவற்றுக்குக் கிடையாது. அதனால் பாட்டிலில் உயிரோடு இருக்க வேண்டுமானால் சூடு படாமல் வைத்திருக்க வேண்டும். வெயில் படும் அலமாரியில் எத்தனை மாதம் இருந்தது என்று உனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. நல்ல பாட்டில் கிடைத்தால் சைக்கிள் வழக்கமாக ஆகும் நாள்களில் பாதியிலேயே முடியலாம், அதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊற்றிய பிறகும் அமோனியா கொடுத்துச் சோதித்துத்தான் மீன் விட வேண்டும். லேபிளில் எழுதிய நாளை நம்பி விடாதே.


சிராங்கூன்_வாசி:

பாட்டிலை விட நல்லது ஒன்று சொல்கிறேன், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஓடும் தொட்டியின் ஸ்பாஞ்ச். என் தொட்டியில் பல வருடமாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு இருக்கிறது. பொங்கோல் அம்மா, பிஹெச் சரியான பிறகு சொல்லுங்கள், ஒன்றை எடுத்துத் தருகிறேன். என் தொட்டியில் சமீபத்தில் புது மீன் எதுவும் சேர்க்கவில்லை, நோயும் இல்லை. அதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்பாஞ்சோடு வெள்ளைப்புள்ளி நோயும் நத்தையும் சேர்ந்து வந்துவிடும்.

பச்சைத்தொட்டி சொன்னதைப் படித்த பிறகு எனக்கும் ஒன்று விளங்குகிறது. அந்தக் காலத்தில் நாங்கள் புதுத் தொட்டி வைத்தால் பழைய தொட்டியின் கல்லையும் செடியையும் அதில் கொஞ்சம் போடுவோம். மீன் பிழைத்தது அதனாலும் இருக்கும்.


பச்சைத்தொட்டி:

ஐயா, அதுதான் முழுக் காரணமாக இருக்கும். கையோடு பாக்டீரியாவையும் கொடுத்திருக்கிறீர்கள்.

அக்கா, ஐயாவிடம் வாங்கும்போது ஸ்பாஞ்சை அவர் தொட்டித் தண்ணீரிலேயே பையில் போட்டு, பையில் பாதி காற்று விட்டு எடுத்து வாருங்கள். எம்ஆர்டி ரயிலில் வருவதற்குள் ஒன்றும் ஆகாது. வீட்டுக்கு வந்து மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடாதீர்கள், ஆக்சிஜன் இல்லாமல் போய்விடும்.


கடற்கரைச்சாலை:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நானும் மீன் இல்லாமல் சைக்கிள் செய்கிறேன். மோட்டார் சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்பதால் இரவில் ஃபில்டரை நிறுத்துகிறேன். நேற்று அண்டை வீட்டுக்காரர் வந்து, மீன் இல்லாத தண்ணீரில் கொசு வரும், டெங்கி சோதனைக்கு வந்தால் அபராதம் போடுவார்கள் என்கிறார். உண்மையா?


பாசிப்பந்து:

இரண்டுக்கும் பதில் ஒன்றே: ஃபில்டரை நிறுத்தாதீர்கள். ஸ்பாஞ்சுக்குள் இருக்கும் பாக்டீரியா ஆக்சிஜனை வேகமாகச் செலவழிப்பவை. நம் ஊர்ச் சூட்டில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனே குறைவு. ஓட்டம் நின்றால் மாட்டும் ஃபில்டர் பெட்டிக்குள் இருக்கும் கொஞ்சம் தண்ணீரில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். தினமும் இரவு இப்படிச் செய்தால், பகலில் வளர்வது இரவில் நலியும். சத்தம்தான் பிரச்சினை என்றால் ஏர் பம்பை ஒரு துணி மடிப்பின் மேல் வையுங்கள், மாட்டும் ஃபில்டரில் தண்ணீர் மட்டத்தை விளிம்பு வரை ஏற்றுங்கள். பெரும்பாலான சத்தம் தண்ணீர் உயரத்திலிருந்து விழுவதால் வருவது.

கொசு விஷயத்தில் உங்கள் அண்டை வீட்டுக்காரர் சொல்வது சரி. ஏடிஸ் கொசு தேடுவது வீட்டுக்குள் அசையாமல் நிற்கும் தெளிந்த தண்ணீரைத்தான். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும், சைக்கிளுக்கோ மூன்று நான்கு வாரம் ஆகிறது. மீன் உள்ள தொட்டியில் புழுவை மீன் தின்றுவிடும். உங்கள் தொட்டியில் தின்ன யாருமில்லை. மேற்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டிருந்தால் கொசு முட்டையிட விரும்பாது. ஆனாலும் மூலைகளில் அசையாத இடம் இருக்கும், அதனால் கண்ணாடி மூடியோ மெல்லிய வலையோ போட்டு மூடுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்தால் பயப்படாமல் காட்டலாம். கொசு மருந்து மணலை மட்டும் தொட்டியில் போடாதீர்கள். பிறகு அதில் மீன் வாழ வேண்டும்.

இன்னொரு பக்கமும் சொல்ல விரும்புகிறேன். இந்த இழையில் எல்லோரும் அமோனியப் பொடியைப் பற்றியே பேசுகிறோம். நான் செடியோடு தொடங்குகிறவன். வேகமாக வளரும் செடிகளைத் தொட்டி நிறைய நட்டால் அவையே அமோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். மிதக்கும் செடிகள் இதில் கெட்டிக்காரர்கள். நைட்ரைட் ஏறுவதே தெரியாமல் தொட்டி பழுத்துவிடும். எனக்கு அந்த வழிதான் இயல்பாகப் படுகிறது.


லேப்_கோட்:

செடி வழி நல்ல வழிதான், எதிர்ப்பு இல்லை. ஆனால் செடி பிழைத்து வளர ஆரம்பித்தால்தான் உறிஞ்சும். புதிதாக நட்டவை முதல் சில வாரம் இலையை உதிர்த்து அழுகும், அதுவே அமோனியா. புதியவர்களுக்கு எப்போது வளர்கிறது, எப்போது அழுகுகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் செடி இருந்தாலும் சோதனை வேண்டும் என்பேன்.

அக்வா சாயில் (செடித் தொட்டிக்கான மண்) போடுபவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமேசோனியா போன்ற மண் முதல் சில வாரங்களுக்குத் தானே அமோனியா கசியும், தனியாகப் பொடி வாங்கத் தேவையில்லை. கேஹெச்சையும் அதுவே உறிஞ்சிப் பிஹெச்சை 6க்கும் 6.5க்கும் நடுவில் பிடித்து வைக்கும். அந்தத் தொட்டியில் சோடா போடுவது வீண், மண்ணின் சக்தியைத்தான் வீணாக்குகிறீர்கள். அங்கே சைக்கிள் மெதுவாகத்தான் நடக்கும், காத்திருக்க வேண்டும். அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும்.


பாசிப்பந்து:

ஒப்புக்கொள்கிறேன். கடாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போடுபவர்களுக்கும் இது பொருந்தும். மீனுக்கு நல்லது என்று புளோக்குக்குக் கீழே பொறுக்கிக் காயவைத்துப் போடுகிறோம், நல்லதுதான். ஆனால் அது மென்மையான தண்ணீரில் பிஹெச்சை இன்னும் கீழே இழுக்கும். சைக்கிள் முடிந்த பிறகு போடுங்கள்.


பொங்கோல்_அம்மா:

நிலவரம் சொல்கிறேன். தண்ணீர் முக்கால் பங்கு மாற்றி, சோடா கரைத்து ஊற்றினேன். பிஹெச் 7.4க்கு வந்தது, கேஹெச் 5. அமோனியா தண்ணீர் மாற்றியதில் அரை பிபிஎம்முக்கு இறங்கி, அடுத்த நாளே பூஜ்யம். நைட்ரைட்டைப் பத்தால் பெருக்கும் முறையில் பார்த்தால் மாற்றிய பிறகும் 5 இருந்தது. இப்போது அது 2 ஆகிவிட்டது. நிறம் ஊதாவிலிருந்து வெளிறியதை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

சிராங்கூன் ஐயாவிடம் ஸ்பாஞ்சும் வாங்கி வந்துவிட்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார். மகளுக்கு வளர்ப்பைப் பற்றி நிறையச் சொல்லிக்கொடுத்தார்.

தண்ணீர் கொஞ்சம் வெள்ளையாக மங்கலாக இருக்கிறது. அது சரியா?


பச்சைத்தொட்டி:

நல்ல செய்தி அக்கா. அந்த வெண்மங்கல் தண்ணீரில் மிதக்கும் வேறு வகைப் பாக்டீரியா. மரக்கட்டையிலிருந்து வரும் சத்தைத் தின்று பெருகுபவை. நாம் வளர்ப்பவை அவையல்ல, அவற்றால் கெடுதலும் இல்லை. தானாகத் தெளியும், தெளிய வைக்கும் மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம்.

இனி ஊற்றும் அமோனியாவை நைட்ரைட் பூஜ்யம் ஆகும்வரை 1 பிபிஎம்மாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளுக்கு ஒரு முறை போதும். அளப்பதற்கு எளிய வழி: 18 கிராம் அமோனியம் குளோரைடை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, லேபிள் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் 5 மில்லி உங்கள் 60 லிட்டருக்கு 1 பிபிஎம். நைட்ரைட் பூஜ்யம் ஆன பிறகு ஒரு முறை 2 பிபிஎம், அதாவது 10 மில்லி கொடுங்கள். 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யம் என்றால் சைக்கிள் முடிந்தது. மறுநாளும் ஒரு முறை அதே சோதனை. எத்தனை வாரம் ஆயிற்று என்ற கணக்கே வேண்டாம்.


உட்லண்ட்ஸ்_கண்ணன்:

இந்த இழையை முன்பே பார்க்காமல் போனேன். தொட்டி வைத்து ஒரு வாரம், கடையில் சொன்னபடி பத்து கப்பி விட்டுவிட்டேன். இன்று இரண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அமோனியா 1, நைட்ரைட் 2, பிஹெச் 7.2. என்ன செய்யட்டும்? அவசரம்.


லேப்_கோட்:

கண்ணன், உடனே பாதித் தண்ணீர் மாற்றுங்கள். ஆன்டி குளோரினில் அமோனியாவையும் கட்டும் வகை கிடைத்தால் அதை ஊற்றுங்கள். இன்று தீனி போட வேண்டாம், நாளையும் வேண்டாம். கப்பி இரண்டு நாள் பட்டினி தாங்கும். ஏர் பம்ப் இருந்தால் முழு வேகத்தில் ஓடட்டும். 10 லிட்டருக்கு 5 கிராம் வீதம் அயோடின் சேராத சாதா உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். செவுள் வழியே நைட்ரைட் நுழையும் அதே வாசலில் உப்பின் குளோரைடு போட்டிபோட்டு அதைத் தடுக்கும். கப்பிக்கு உப்பு ஒத்துக்கொள்ளும். செடியோ கெளுத்தி வகை மீனோ இருந்தால் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டும்.

நாளை காலையும் மாலையும் சோதியுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து அரை பிபிஎம்முக்கு மேல் போனால் மறுபடி தண்ணீர் மாற்றம். இது இரண்டு மூன்று வாரம் ஓடும் வேலை, சலிக்காமல் செய்தால் பிழைத்துவிடும். மாற்றும் தண்ணீரில் வெளியேறும் உப்பை மட்டும் திரும்பச் சேருங்கள். பத்தில் நாலைந்தைச் சைக்கிள் முடிந்த தொட்டி உள்ள யாரிடமாவது கொடுத்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.


சிராங்கூன்_வாசி:

தம்பி, உட்லண்ட்ஸிலிருந்து வர முடிந்தால் வாருங்கள். என் பழைய தொட்டியில் இடம் இருக்கிறது, கப்பிகளை வைத்துக்கொள்கிறேன். இன்னொரு ஸ்பாஞ்சையும் பாதியாக வெட்டித் தருகிறேன்.


உட்லண்ட்ஸ்_கண்ணன்:

ஐயா, மாலையே வருகிறேன். தண்ணீர் மாற்றி உப்பும் போட்டாயிற்று. மேலே வந்த இரண்டும் இப்போது கீழே இறங்கி நீந்துகின்றன.


பொங்கோல்_அம்மா:

முடிந்தது! 2 பிபிஎம் ஊற்றி மறுநாள் பார்த்தபோது அமோனியா மஞ்சள், நைட்ரைட் வெளிர் நீலம், அதாவது இரண்டும் பூஜ்யம். அடுத்த நாளும் அதே. நைட்ரேட் 80க்கு மேல் காட்டுகிறது. எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை சிராங்கூன் நார்த் அவென்யூ 1 கடைகளுக்கு மகளை அழைத்துப் போகிறேன். நியான் டெட்ரா பதினைந்து வாங்கலாமா?


பச்சைத்தொட்டி:

வாழ்த்துகள் அக்கா. வெள்ளி இரவு வரை அமோனியா கொடுத்துக்கொண்டே இருங்கள். சனி காலை நைட்ரேட்டை இறக்க 80 சதவிகிதம் தண்ணீர் மாற்றுங்கள், இந்த முறை சோடா இல்லாமல். குழாய்த் தண்ணீரின் கேஹெச்சே போதும். பிஹெச் தானாக அதன் இடத்துக்கு வரும். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றி வந்தால் கையிருப்பும் தீராது.

நியானுக்குப் பதில் கார்டினல் டெட்ரா பாருங்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். பார்க்க அதே நீலக் கோடு, சிவப்பு வயிறு முழுக்க ஓடும். நியான் 26 டிகிரிக்குக் கீழே சுகமாக இருக்கும் மீன். கார்டினல் ரியோ நீக்ரோவின் வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து வருவதால் நம் வீட்டு 28, 29 டிகிரி அதற்குப் பழக்கம். ஹார்லெக்வின் ரஸ்போராவும் நல்ல தேர்வு, அது இந்த வட்டாரத்து மீனே.

பதினைந்தும் ஒரே நாளில் வேண்டாம். முதலில் ஆறு. கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். முதல் நாள் தீனி வேண்டாம், பிறகு ஒரு வாரத்துக்கு ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒரு முறை. அந்த வாரம் முழுதும் அமோனியாவையும் நைட்ரைட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் சோதித்து, எண்களை இங்கே போடுங்கள். இரண்டு வாரம் பூஜ்யமாகவே இருந்தால் அடுத்த ஆறு வாங்கலாம்.


சிராங்கூன்_வாசி:

அதோடு என் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவிவிட வேண்டாம் அம்மா. மாதம் ஒரு முறை, மாற்றும் தொட்டித் தண்ணீரை வாளியில் பிடித்து அதிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்தால் போதும்.